நாற்பது

கதிரை என்பேன் நான்.
பக்கத்து மேசை ரொமெல் சில்யா என்பான்.
ஜஸ்கீரத்துக்கு அது குர்சி.
வேலைத்தாளில் வேறு பெயர்:
மடிப்பிருக்கை, சிவப்பு, தற்காலிகம்.

தற்காலிகம் என்ற சொல்
ஏஜென்சிக் காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது.
அதனால் அதை நான் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை.

ஹமில்டனில் ஏரிக்காற்று
கதவிடுக்கால் நுழையும் பெப்ரவரி.
லாப்ரடோர் மண் இரும்பாகி, தகடாகி,
எங்கள் வாசலில் சுருள் சுருளாய் இறங்கியது.
சார்னியாவிலிருந்து பிளாஸ்டிக் மணிகள்,
சாக்கை அவிழ்த்தால் சவ்வரிசி.
உலகக் கிண்ணம் என்றால் ஒரு நாடு
பந்து உதைக்க ஆள் பிடிக்கும்,
பாட்டெழுதும், கொடி தைக்கும்.
அதற்கெல்லாம் முன்னம்
வருகிற சனத்தை எங்கே குந்த வைப்பது என்று
யாரோ யோசிக்க வேணும்.

என் வேலை போல்ட்டை முறுக்கிப் பார்ப்பது.
கருவியின் முள் நாற்பதில் நிற்க வேணும்.
முப்பத்தெட்டு என்றால் ஆடும்.
நாற்பத்திரண்டு என்றால் மரை கழரும்,
போல்ட்டுக்கு; சில நாள் எனக்கும்.
முறுக்கு என்றுதான் தமிழில் இதற்குப் பெயர்,
தின்கிறதுக்கும் அதே பெயர் என்று சொன்னேன்.
ஜஸ்கீரத் விழுந்து சிரித்தாள்.
மறுநாளிலிருந்து கருவி வேண்டும்போதெல்லாம்
"மூருக்கு, மூருக்கு" என்று
மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

மார்ச், வியாழன், இரவு ஷிஃப்ட்.
ஒரு கட்டுத் தாங்கியில்
துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது.
நகத்துக்குள் அழுக்கு நிற்கிற அளவு.
போல்ட் போகும். முள்ளும் நாற்பது காட்டும்.
உள்ளே தகடு சரிந்து நின்று
ஆள் பாரம் ஏறும்வரை பொய் சொல்லும்.
அறுநூற்றுப் பன்னிரண்டு தாங்கிகள்.
வெளியே ரொறன்ரோ லொறி
எஞ்சினை நிறுத்தாமல் நின்றது.
"குந்தத்தானே போகிறார்கள்" என்றான் டோமெனிக்.
"கோல் விழுந்தால் குந்திக்கொண்டா இருப்பார்கள்?"
சொன்ன பிறகுதான் கை நடுங்கியது.
அந்த மாத வாடகை இன்னும் கட்டவில்லை.

சிவப்புச் சீட்டு ஒட்டினேன்.
ஆட்டத்திலும் இது உண்டு,
காட்டினால் ஆள் வெளியே என்றான் ரொமெல்.
யார் வெளியே என்று அவன் சொல்லவில்லை.
லொறி வெறும் வயிற்றோடு போனது.
விடியும்வரை துளையிட்டோம்.
யாரும் என்னோடு தேத்தண்ணி குடிக்கவில்லை.

ஜூனில் சாப்பாட்டறை டிவி.
ஒரு டிக்கெட், என் மூன்று கிழமைச் சம்பளம்.
எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள்.
நான் பந்துக்குப் பின்னால்
மேல் வரிசைகளைப் பார்த்தேன்.
எழும்பினார்கள். குதித்தார்கள்.
ஒரு பெடியன் கதிரையின்மேல் ஏறி நின்று
சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.
என் வாயில் சோறு அப்படியே நின்றது.
"இறங்கடா!"
ஜஸ்கீரத் திரும்பிப் பார்த்தாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது,
ஆனால் தெரிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.
மறுநாள் பேப்பரில் பன்னிரண்டு பக்கம் ஆட்டம்.
ஒன்றும் நடக்காததைப் பற்றி
ஒரு வரி இல்லை.

கதிரையின் அடியில்
கனடாவில் செய்தது என்று பொறித்திருக்கிறோம்.
விழுந்த சாவியைக் குனிந்து தேடுகிறவன் வாசிப்பான்.
மற்றவர்கள் அந்தப் பெயரின்மேல்
குந்தியிருந்தார்கள், எழும்பினார்கள், குந்தினார்கள்.

செப்டெம்பரில் திரும்பி வந்தன.
சுவிங்கம், கெச்சப்,
கன்னத்தில் பூசிய பச்சை மை,
ஒன்றின் மடிப்புக்குள் ஒற்றைக் காதணி.
கணக்கில் நான்கு குறைந்தது.
யாரோ கராஜில் போட்டுக் குந்தக்
கொண்டுபோயிருக்க வேணும்.
டோமெனிக் கத்தினான்.
எனக்கென்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்றை இழுத்து முள்ளை வைத்தேன்.
முப்பத்தொன்பதரை.
அந்த அரையை
குதித்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

இனி எந்த ஊரோ, எந்த ஆட்டமோ.
ஜஸ்கீரத், அந்த முறுக்கை எடு.